கடலுக்குள் எவ்வளவு சத்தம்? திமிங்கலமும் டால்பினும் மீனும் எப்படிக் கேட்கின்றன, இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

உங்கள் வீடு குடியிருப்புப் பகுதியில் இருந்தால் சத்தத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இருக்கும் அமைதி மண்டலத்தில் 50, 40. தொழிற்பேட்டைக்குக் கூட 75, 70 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளின் அட்டவணை இது.

அந்த அட்டவணையில் கடல் இல்லை. ஆறும் இல்லை.

இந்தியாவின் வெளிநாட்டு வணிகத்தில், எடைக் கணக்கில் சுமார் 95 சதவீதம் கடல் வழியாகத்தான் நடக்கிறது. உள்நாட்டிலும் 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழிகளாக அறிவித்திருக்கிறோம். அந்த நீருக்குள் வாழும் உயிரினங்களில் பலவற்றுக்குக் காதுதான் கண். அவை எப்படிக் கேட்கின்றன? கப்பல் சத்தம் அவற்றை என்ன செய்கிறது? இதில் சட்டத்துக்கு என்ன வேலை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடலில் ஒலி ஏன் இவ்வளவு முக்கியம்?

கடலில் வெளிச்சம் ரொம்ப தூரம் போகாது. சுமார் 200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே சூரிய ஒளி மங்கிவிடும். 1,000 மீட்டருக்குக் கீழே முழு இருட்டு. கலங்கிய ஆற்று நீரில் கையை நீட்டினால் விரல் தெரியாது.

ஒலி அப்படியில்லை. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, கடல்நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது. நான்கு மடங்குக்கும் மேலான வேகம். வேகத்தை விட முக்கியமானது தூரம். அடித்தொண்டைக் குரல் போன்ற தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் நீரில் அவ்வளவு எளிதில் தேய்ந்து போவதில்லை.

எவ்வளவு தூரம் போகும்? 1991 ஜனவரியில் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். தெற்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள ஹெர்ட் தீவு அருகே ஒலிபரப்பிகளைக் கடலில் இறக்கி, 57 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி எழுப்பினார்கள். அது அமெரிக்காவின் கிழக்கு, மேற்கு இரண்டு கரைகளிலும் பதிவானது. பூமிப் பந்தின் சுற்றளவில் கிட்டத்தட்டப் பாதி தூரம்.

பாலூட்டிகள், மீன்கள், முதுகெலும்பில்லாத உயிரினங்கள் என்று எல்லாத் தரப்பும் இந்த வசதியைப் பல லட்சம் ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றன. துணை தேட, இரை தேட, குட்டியைக் கூப்பிட, எதிரி வருவதை அறிய எல்லாவற்றுக்கும் ஒலிதான்.

யார், எப்படிக் கேட்கிறார்கள்?

மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதுவும் காற்றில். தண்ணீருக்குள் மூழ்கினால் நம் காது கிட்டத்தட்டத் தோற்றுவிடும். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கூடச் சரியாகச் சொல்ல முடியாது. கடல்வாசிகளின் கதையே வேறு.

• டால்பின்: வெளிக்காது மடல் கிடையாது. கீழ்த்தாடை எலும்பை ஒட்டியிருக்கும் ஒருவகைக் கொழுப்பு, ஒலியை வாங்கி உள்காதுக்குக் கடத்துகிறது. அதாவது தாடையால் கேட்கிறது. பாட்டில்மூக்கு டால்பின் சுமார் 150 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். நம் உச்சவரம்பைப் போல ஏழு மடங்குக்கும் மேல். 'க்ளிக்' ஒலிகளை எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து இரையின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கும்.

• பெரிய திமிங்கலங்கள்: நீலத் திமிங்கலம், துடுப்புத் திமிங்கலம் போன்றவை சுமார் 20 ஹெர்ட்ஸ் அளவில் குரல் கொடுக்கின்றன. நமக்கு அது கேட்கும் எல்லையின் விளிம்பு. இவ்வளவு பெரிய விலங்கைத் தொட்டியில் வைத்துச் சோதிக்க முடியாது என்பதால், அவற்றின் செவித்திறனை யாரும் நேரடியாக அளந்ததில்லை. நார்வே கடலில் இரண்டு மின்கே திமிங்கலங்களைச் சிறிது நேரம் பிடித்து வைத்து முதல் முறையாக அளந்தார்கள். 2024ல் வெளியான அந்த முடிவின்படி, குறைந்தது 45 கிலோஹெர்ட்ஸ் வரை அவற்றுக்குக் கேட்கிறது. அதுவரை யாரும் எதிர்பார்க்காத அளவு.

• மீன்கள்: கத்தாழை மீனைச் சுத்தம் செய்பவர்கள் அதன் தலைக்குள் இரண்டு வெள்ளைக் கற்களைப் பார்த்திருப்பார்கள். அவைதான் காதுக்கற்கள். ஒலி வரும்போது மீனின் உடல் நீரோடு சேர்ந்து அதிர்கிறது. கனமான கல் மட்டும் சற்றுப் பின்தங்குகிறது. அந்த வித்தியாசத்தை நரம்பு முடிகள் உணர்கின்றன. சில வகைகளில் காற்றுப்பை இந்த அதிர்வைப் பெருக்கித் தருகிறது. பெரும்பாலான மீன்கள் 1,000 ஹெர்ட்ஸுக்குக் குறைவான ஒலிகளையே நன்றாகக் கேட்கின்றன.

• கடலாமைகள்: இவையும் தாழ்ந்த அதிர்வெண் கோஷ்டிதான். ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸ் வரை.

• கணவாய், ஆக்டோபஸ்: காது என்று தனியாக இல்லை. உடலின் சமநிலையைக் காக்கும் சிறிய பை போன்ற உறுப்பு, நீரின் அதிர்வையும் உணர்கிறது.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனித்தீர்களா? டால்பினைத் தவிர மற்ற பலரும் தாழ்ந்த அதிர்வெண்ணை நம்பி வாழ்பவர்கள். பெரிய கப்பல்களின் இரைச்சலும் அதே பகுதியில்தான் அதிகம்.

கடலின் சொந்தச் சத்தம்

மனிதன் வருவதற்கு முன்பும் கடல் அமைதியாக இருந்ததில்லை. அலை, மழை, பனிப்பாறை உடைவது எல்லாமே சத்தம். வெப்பமண்டலக் கடற்கரை நீரில் எண்ணெயில் அப்பளம் பொரிவது போல ஒரு சடசடப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். பிஸ்டல் இறால் எனப்படும் சிறிய இறால்களின் வேலை அது. கொடுக்கைப் படுவேகமாக மூடும்போது ஒரு நீர்க்குமிழி உருவாகி உடைகிறது. அந்த உடைப்பில்தான் சத்தம்.

இந்தச் சடசடப்புக்கும் ஒரு பயன் உண்டு. நடுக்கடலில் மிதக்கும் மீன்குஞ்சுகள், பவளப்பாறை எங்கே இருக்கிறது என்பதை அதன் சத்தத்தை வைத்தும் தெரிந்துகொள்கின்றன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஆய்வாளர்கள், சிதைந்துபோன இடங்களில் ஒலிபெருக்கி வைத்து ஆரோக்கியமான பவளப்பாறையின் சத்தத்தை ஒலிக்கவிட்டார்கள். ஒலிபெருக்கி இல்லாத இடத்தைவிட இரண்டு மடங்கு மீன்கள் வந்து சேர்ந்தன. 2019ல் வெளியான ஆய்வு இது.

கப்பல் சத்தம் 190 டெசிபல் என்றால் ஜெட் விமானத்தை விட அதிகமா?

இணையத்தில் அடிக்கடி வரும் ஒப்பீடு இது. தவறான ஒப்பீடு.

டெசிபல் என்பது கிலோ, மீட்டர் போல நிலையான அலகு இல்லை. ஓர் அடிப்படை அளவோடு ஒப்பிட்டுச் சொல்லும் விகிதம். காற்றில் அந்த அடிப்படை 20 மைக்ரோபாஸ்கல். நீரில் 1 மைக்ரோபாஸ்கல். நீர் காற்றை விட அடர்த்தியானது என்பதும் கணக்கில் சேரும். இரண்டையும் சேர்த்தால் சுமார் 62 டெசிபல் வித்தியாசம்.

அப்படீன்னா, ஒரு பெரிய சரக்குக் கப்பலிலிருந்து 1 மீட்டர் தூரத்துக்குக் கணக்கிட்ட 190 டெசிபல், காற்றில் ஏறத்தாழ 128 டெசிபலுக்குச் சமமான ஒலிச்செறிவு. குறைவில்லை, ஆனால் தலைப்புச் செய்திகள் சொல்வது போல எந்த விமானத்தையும் மிஞ்சிய சத்தமும் இல்லை. இன்னொன்று, டெசிபல் ஏணியில் ஒவ்வொரு 10 படிக்கும் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. 3 டெசிபல் கூடினாலே இரட்டிப்பு.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

முதலிடம் கப்பல்களுக்கு. என்ஜின் சத்தத்தை விட, சுழலும் விசிறிதான் முக்கியக் காரணம். விசிறி வேகமாகச் சுழலும்போது அதன் இதழ்களைச் சுற்றி அழுத்தம் குறைந்து ஆயிரக்கணக்கான குமிழிகள் உருவாகி உடைகின்றன. கலிபோர்னியாவின் சான் நிக்கோலஸ் தீவு அருகே 1960களிலும் 2003-04லும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டபோது, 30 முதல் 50 ஹெர்ட்ஸ் பகுதியில் 10 முதல் 12 டெசிபல் கூடியிருந்தது. நாற்பது ஆண்டுகளில் ஒலி ஆற்றல் பத்து மடங்குக்கும் மேல்.

இரண்டாவது, எண்ணெய், எரிவாயு தேடும் நில அதிர்வு ஆய்வு. கப்பல் இழுத்துச் செல்லும் காற்றுத் துப்பாக்கிகள் 10, 15 விநாடிக்கு ஒருமுறை வெடிக்கும். இப்படி நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடக்கும். அட்லாண்டிக் நடுவில் வைத்த ஒலிவாங்கிகளில் கிட்டத்தட்ட 4,000 கி.மீ. தொலைவில் நடந்த ஆய்வின் வெடிச்சத்தம் பதிவாகியிருக்கிறது.

மூன்றாவது, கடற்படைகளின் சோனார். நான்காவது, கடல் காற்றாலை, பாலம், துறைமுகம் கட்டும்போது எஃகுத் தூண்களைக் கடல் தரையில் அடித்து இறக்குவது.

அதனால் என்ன பாதிப்பு?

*கேட்கும் உலகம் சுருங்குகிறது.* கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவது கேட்காதே, அதே கதைதான். ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமைதியான கடலில் ஒரு திமிங்கலத்தின் குரல் 10 கி.மீ. சுற்றளவில் எந்தத் திசையிலும் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு சுமார் 314 சதுர கி.மீ. பின்னணி இரைச்சல் 6 டெசிபல் கூடினால் கேட்கும் தூரம் பாதியாகி 5 கி.மீ. ஆகிவிடும். பரப்பளவு சுமார் 79 சதுர கி.மீ. நான்கில் மூன்று பங்கு போய்விட்டது. ஒரு விலங்கும் சாகவில்லை, ஒரு துளி எண்ணெயும் கொட்டவில்லை. ஆனால் துணையைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு குறைந்துவிட்டது.

*மன அழுத்தம்.* 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் வட அமெரிக்கக் கடற்கரையில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இரைச்சல் 6 டெசிபல் குறைந்தது. அதே சமயம் அங்கே ரைட் திமிங்கலங்களின் சாணத்தை வேறொரு ஆய்வுக்காகச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். பரிசோதித்ததில், அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன்கள் அந்த நாட்களில் குறைந்திருந்தது தெரிந்தது. 2012ல் வெளியான இந்த ஆய்வைத் திட்டமிட்டு யாராலும் செய்திருக்க முடியாது.

*மரணம்.* 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 17 திமிங்கலங்களும் டால்பின்களும் கரை ஒதுங்கின. அமெரிக்கக் கடற்படையின் சோனார்தான் பெரும்பாலும் காரணம் என்று கடற்படையே பங்கேற்ற விசாரணை அறிக்கை ஒப்புக்கொண்டது. 2002ல் ஸ்பெயினின் கேனரி தீவுகளில், கடற்படைப் பயிற்சி நடந்த நேரத்தில் 14 அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கின. இறந்தவற்றின் உடலுக்குள் வாயுக் குமிழிகளின் தடயம் இருந்தது. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வரும் முத்துக்குளிப்பாளருக்கு வருமே, அதைப் போன்ற பாதிப்பு. 2004ல் அந்தத் தீவுகளைச் சுற்றிச் சோனாருக்குத் தடை விதித்தார்கள். அதன் பிறகு அங்கே அப்படிக் கூட்டமாக அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கவில்லை என்று 2013ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

*உணவுச் சங்கிலியின் அடிமட்டம்.* டாஸ்மேனியா அருகே ஒரே ஒரு காற்றுத் துப்பாக்கியை வைத்து நடத்திய சோதனையில், அது கடந்து சென்ற பின் விலங்கு மிதவைகள் பாதிக்கும் மேல் குறைந்திருந்தன. 1.2 கி.மீ. தூரம் வரை பாதிப்பு தெரிந்தது. 2017ல் வெளியான இந்த முடிவு, மீன் வளத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களும் கவனிக்க வேண்டியது.

திமிங்கலம் கரை ஒதுங்கினாலே சத்தம்தான் காரணமா?

இல்லை. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கடற்கரையையொட்டி 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. உடனே சோனார், கடலடி ஆய்வு என்று பல யூகங்கள் கிளம்பின. ஆனால் 1973 ஜனவரியில், இதே கடற்கரையில், இதே இனத்தைச் சேர்ந்த 147 திமிங்கலங்கள் ஒதுங்கியிருக்கின்றன. பைலட் திமிங்கலங்கள் கூட்டமாக வாழ்பவை. ஒன்று வழி தவறினாலோ நோயில் விழுந்தாலோ மற்றவையும் பின்னாலேயே போகும். ஆழம் குறைந்த சரிவான கரையும் அவற்றைக் குழப்பக்கூடும்.

உடற்கூறு ஆய்வும், அந்த நேரத்தில் கடலில் என்ன சத்தம் இருந்தது என்ற பதிவும் இல்லாமல் காரணத்தைச் சொல்லிவிட முடியாது. பஹாமாஸிலும் கேனரியிலும் அதைச் செய்தார்கள். அதனால்தான் பதில் கிடைத்தது.

இந்தியாவில் என்ன நிலைமை?

நம்மிடம் இருக்கும் வலுவான ஆதாரம் கடலில் இருந்து வரவில்லை, கங்கையில் இருந்து வந்திருக்கிறது.

கங்கை டால்பின் இந்தியாவின் தேசிய நீர்வாழ் விலங்கு. அதன் கண்ணில் லென்ஸ் கிடையாது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியலாம், அவ்வளவுதான். வாழ்க்கை முழுவதும் 'க்ளிக்' ஒலிகளை எழுப்பி, எதிரொலியைக் கேட்டே வழி அறிகிறது. 2025 மார்ச்சில் வெளியான முதல் ஆற்று டால்பின் கணக்கெடுப்பின்படி நாட்டில் 6,327 ஆற்று டால்பின்கள் இருக்கின்றன. அவற்றில் 3 மட்டும் பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் உள்ள சிந்து டால்பின்கள். உத்தரப் பிரதேசத்தில் 2,397, பிகாரில் 2,220. இந்தக் கணக்கெடுப்புக்கே கண்ணால் எண்ணுவதோடு, நீருக்குள் ஒலிவாங்கியையும் பயன்படுத்தினார்கள்.

இந்த இரண்டு மாநிலங்கள் வழியாகத்தான் பிரயாக்ராஜ் முதல் ஹால்தியா வரை 1,620 கி.மீ. நீளமுள்ள தேசிய நீர்வழி 1 போகிறது. பிகாரில் மயூக் டே, நசிகேத் கேல்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்த நீர்வழியின் சத்தத்தை ஆராய்ந்து 2019ல் முடிவை வெளியிட்டார்கள். படகு அவ்வப்போது கடந்தால் டால்பின்கள் அதிகமாக ஒலி எழுப்புகின்றன. இரைச்சல் ஓயாமல் இருந்தால் அடங்கிப் போகின்றன. அவற்றின் 'க்ளிக்' ஒலி இரைச்சலில் மூழ்குகிறது. உடலின் ஆற்றல் செலவு சார்ந்த அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்கிறது. கோடையில் நீர்மட்டம் குறையும்போது நிலைமை இன்னும் மோசம். கடலில் என்றால் விலகிப் போகலாம். குறுகிய ஆற்றில் எங்கே போவது?

கடலைப் பற்றி நம்மிடம் தரவு குறைவு. லட்சத்தீவு கடலில் நீலத் திமிங்கலங்கள் இருப்பதையே ஒலிவாங்கியில் பதிவான அவற்றின் பாட்டை வைத்துத்தான் உறுதி செய்தார்கள். திவ்யா பணிக்கர், கேத்லீன் ஸ்டாஃபோர்டு ஆகியோரின் அந்த ஆய்வு 2021ல் வெளியானது. சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்திடம் கடலடி ஒலியைப் பதிவு செய்யும் கருவிகளும் அனுபவமும் இருக்கின்றன.

புதிய வேலைகளும் வரிசையில் நிற்கின்றன. தமிழ்நாடு, குஜராத் கடல்களில் தலா 500 மெகாவாட் காற்றாலைக்கு நிதி உதவித் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஏற்றுக்கொண்டது. தூய மின்சாரம் தேவைதான். தூண் அடிக்கும் சத்தத்துக்கு என்ன வரம்பு என்பதை அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் ஒரு வேடிக்கை. இந்தியச் சட்டத்தில் சத்தம் என்பது 'காற்று மாசு'. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில், 1987ல் செய்த திருத்தம் சத்தத்தையும் காற்று மாசுபடுத்தியாகச் சேர்த்தது. 2000ஆம் ஆண்டு விதிகளும் சுற்றுப்புறக் காற்றின் தரத்தைப் பற்றியே பேசுகின்றன.

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமோ கழிவுநீர், திரவ, வாயு, திடப் பொருட்கள் கலப்பதை மையமாக வைத்து எழுதப்பட்டது. சத்தம் பொருள் இல்லையே! ஆக, காற்றுச் சட்டம் நீருக்குள் இறங்காது. நீர்ச் சட்டம் சத்தத்தைப் பற்றிப் பேசாது. திமிங்கலமும் டால்பினும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான இடத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சுற்றி எத்தனை டெசிபல் வரை இருக்கலாம் என்று அது சொல்வதில்லை.

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில், கடலில் 'பொருட்களையோ ஆற்றலையோ' சேர்ப்பதும் மாசுதான். ஒலி ஓர் ஆற்றல். இந்தியா அந்த உடன்படிக்கையை 1995ல் ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு கடல் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் தொடர் இரைச்சலின் பாதிப்பில் இருக்கக்கூடாது என்று 2022ல் வரம்பு வைத்தது.

என்ன செய்ய முடியும்?

• வேகத்தைக் குறைப்பது: கப்பல்கள் வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் மொத்த ஒலி ஆற்றல் சுமார் 40 சதவீதம் குறையும் என்கிறது ஒரு மதிப்பீடு. எரிபொருளும் மிச்சம், புகையும் குறைவு. கனடாவின் வான்கூவர் துறைமுகம் 2017 முதல், ஓர்கா திமிங்கலங்கள் வாழும் நீரிணையில் கப்பல்களை மெதுவாகப் போகச் சொல்கிறது. சத்தம் குறைந்த கப்பலுக்குத் துறைமுகக் கட்டணத்தில் சலுகையும் தருகிறது.

• விசிறியை மாற்றுவது: குமிழி குறைவாக உருவாகும்படி விசிறியை வடிவமைக்கலாம். கங்கை ஆய்வின் பரிந்துரைகளில் இதுவும் ஒன்று. சர்வதேச கடல்சார் அமைப்பு 2014ல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டு, 2023ல் திருத்தியது. ஆனால் கட்டாயம் இல்லை.

• குமிழித் திரை: தூண் அடிக்கும் இடத்தைச் சுற்றித் துளையிட்ட குழாயைக் கடல் தரையில் போட்டுக் காற்றைச் செலுத்துவது. எழும் குமிழிச் சுவர் சத்தத்தை விழுங்கும். ஜெர்மனியில் 750 மீட்டர் தூரத்தில் ஒரு அடியின் ஒலி அளவு 160 டெசிபலைத் தாண்டக்கூடாது. அந்த வரம்பு வந்த பிறகுதான் இந்தத் தொழில்நுட்பம் அங்கே வேகமாக வளர்ந்தது.

• அளப்பது: இந்தியாவுக்கு இதுதான் முதல் வேலை. பெரிய துறைமுகங்கள், சரணாலயங்கள், நீர்வழிகளில் ஒலிவாங்கிகளை வைத்து இன்றைய அளவைப் பதிவு செய்யாவிட்டால், நாளை எவ்வளவு கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிளாஸ்டிக் கடலில் பல நூறு ஆண்டுகள் கிடக்கும். எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்யப் பல ஆண்டுகள் ஆகும். சத்தத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. விசிறி நின்ற அடுத்த சில நொடிகளில் நீர் பழையபடி ஆகிவிடும். ஃபண்டி விரிகுடாவில் சில நாட்களிலேயே திமிங்கலங்களின் உடலில் மாற்றம் தெரிந்தது. இவ்வளவு சீக்கிரம் சரிசெய்யக்கூடிய மாசு கடலில் அபூர்வம். அதற்கு அட்டவணையில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.